பாதாம் மரத்துப் பொட்டலம்

அங்கேயே நில்லுங்க. கிரில்லைத் திறக்க மாட்டேன். சாவி என் கையில்தான் இருக்கு, இதோ பாருங்க. ஆனாலும் திறக்க மாட்டேன். வீட்டில் ஆம்பிளை இல்லை. அவர் மஸ்கட்டில் இருக்கிறார். நான் ஒருத்தி, நாலு வயசுப் பிள்ளை ஒண்ணு. விளக்கு வைக்கிற நேரத்தில் நீங்க பாட்டுக்கு வெளிக்கேட்டைத் திறந்துக்கிட்டு வந்துட்டீங்க. வந்ததுதான் வந்தீங்க, அந்தப் படிக்கு மேலே ஏறாதீங்க.

நாகஜோதி அம்மாதானே? தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். அதே பார்வை. வாயைத் திறக்காமல் ஆளை நிமிர்ந்து பார்க்கிற பார்வை. உங்க பொண்ணுக்கு அது எங்கேயிருந்து வந்ததுன்னு இப்போதான் புரியுது.

எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். நாளைக்குக் காலையில் ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் கையில் நான் கம்ப்ளெயிண்ட் எழுதிக் கொடுக்கணும். கொடுத்தால் உங்க பொண்ணுக்கு டி.சி. பத்தாம் கிளாஸ் பரீட்சை வாசலில் வந்து நிற்குது, இந்த நேரத்தில் டி.சி. வாங்கினால் எந்த ஸ்கூலிலும் சேர்த்துக்க மாட்டாங்க. உங்க கூட உப்பளத்துக்கு வர வேண்டியதுதான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதப் போறேன்.

நீங்க பேச வேண்டாம், நான் பேசுறேன். ஒரு கிளாஸ் முழுக்க வாயை மூடிக்கிட்டு என்னை என்ன பாடு படுத்தினாங்கன்னு நீங்க கேட்கணும். கேட்டுட்டுப் போங்க.

நான் பாளையங்கோட்டையில் கான்வெண்ட்டில் படிச்சவள். எங்க சிஸ்டர் வராண்டாவில் நடந்து வந்தால் அவங்க ஜெபமாலை மணி உரசுற சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்படி ஒரு அமைதி. வரலாறு பாடம்னா நாங்க நடிச்சுக் காட்டணும். எட்டாம் கிளாசில் அசோகர் வேஷம் கட்டினது நான்தான். கலிங்கத்துப் போர்க்களத்தில் நின்னு நான் அழுதேன், கீழே உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் அழுதாங்க. மதர் சுப்பீரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சாங்க. சும்மா சொல்லலை.

அப்படிப்பட்ட இடத்தில் படிச்சுட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த இடத்தில் எனக்குக் கொடுத்தது பத்தாம் பி, சோஷியல். பத்தாம் பி! அஞ்சு மார்க் கேள்விக்கு ரெண்டு பாயிண்ட் எழுதிட்டுப் பேனாவை மூடி வைக்கிற கூட்டம். ஒத்துழையாமை இயக்கம் பற்றி விவரின்னு கேட்டால் ஒருத்தி எழுதுறாள், 'மக்கள் ஒத்துழைக்கவில்லை'. அவ்வளவுதான் விடை. அதுக்கு அடியில் ஸ்கேல் வெச்சு ரெண்டு கோடு.

திட்டிப் பார்த்தேன், பெஞ்சு மேலே ஏற்றிப் பார்த்தேன், நூறு தடவை எழுத வெச்சேன். ஒண்ணும் ஏறலை. சரி, எங்க சிஸ்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி செய்வோம்னு வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை கிரவுண்டிலேயே நடத்தினேன். கொடிமரம்தான் திருச்சி. பைப்படிதான் வேதாரண்யம். அங்கே வர்றது உப்புத் தண்ணிதானே, பொருத்தமா இருக்கும்னு நானே சொன்னேன். பிள்ளைங்க சிரிச்சாங்க. அன்னைக்குச் சிரிச்சாங்க.

ரெண்டு ரெண்டு பேரா வரிசையில் நிறுத்தி, பாட்டுப் பாட வெச்சு நடத்திக் கூட்டிப் போனேன். முன்னால் நான். நடந்துக்கிட்டே கதை சொன்னேன். தஞ்சாவூர் வெள்ளைக்காரக் கலெக்டர் உத்தரவு போடுறான்: யாத்திரை போறவங்களுக்கு யாரும் சோறு போடக் கூடாது, தங்க இடம் கொடுக்கக் கூடாது, மீறினால் ஜெயில். ஜனங்க என்ன செய்தாங்க தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி ரோட்டோர மரக்கிளையில் தொங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. யார் கட்டினது? தெரியாது. யாரைப் பிடிப்பான் போலீஸ்காரன்? மரத்தையா பிடிப்பான்? நடக்கிறவங்க கையை நீட்டினால் சோறு!

இதைச் சொல்றப்போ எனக்கே புல்லரிச்சது. எனக்குப் பாடம் நடத்த வராதுன்னு எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம். உங்க பொண்ணு வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டாள். கேட்டுட்டு ஒரு கேள்வி வேற.

"டீச்சர், அந்தச் சோறு கட்டுனவுக பேரெல்லாம் என்ன?"

"அதெல்லாம் புக்கில் இல்லை."

"அப்ப பரீட்சையில அவுகளைப் பத்தியும் ஒரு பாயிண்ட்டா எழுதலாமா?"

"புக்கில் இல்லாததுக்கு மார்க் கிடையாது. வரிசையில் நட."

இப்படித்தான் அவள். ஒண்ணு சொன்னால் அதுக்குப் பின்னாடி இருக்கிறதைக் கேட்பாள்.

என் பிள்ளை, இவான்னு பேரு, அவளும் அன்னைக்கு வரிசையில் இருந்தாள். எங்க ஸ்கூலிலேயே நர்சரி இருக்கு, மத்தியானத்தோட விட்டுடும். டீச்சர் பிள்ளைங்க அதுக்கப்புறம் அம்மா கிளாசில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அது எங்க ஸ்கூல் வழக்கம். இவாவைத் தூக்கி வெச்சுக்கிட்டது உங்க பொண்ணு. நான் கேட்கலை, அவளாகவே வந்தாள். மத்தியானச் சாப்பாடும் அவள்தான் ஊட்டுவாள். எனக்கும் அந்த நேரத்தில் திருத்துற வேலை இருக்கும், சரின்னு விட்டேன். நான் கொடுத்து அனுப்புறது ஜாம் தடவின பிரட், இல்லைன்னா நூடுல்ஸ். டப்பா சுத்தமா காலியாகி வரும். என் பிள்ளை எவ்வளவு சமர்த்தாச் சாப்பிடுறாள்னு நினைச்சேன். கையில் மட்டும் லேசா கருவாட்டு வாசனை அடிக்கும். கடற்கரை ஊர், காற்றிலேயே அடிக்குதுன்னு விட்டுட்டேன்.

இப்போ கேளுங்க. அந்த யாத்திரை நடந்து ஒரு வாரம் ஆகலை. நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கேன். வெளியே பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால் என் கிளாஸ். பத்தாம் பி. ரெண்டு ரெண்டு பேரா வரிசை. ஒவ்வொருத்தி கையிலும் வாட்டர் பாட்டில். கிரவுண்டை மூணு சுற்றுச் சுற்றி, நான் சொல்லிக் கொடுத்த அதே பாட்டு, அதே நடை, நேராக ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாங்க. முன்னால் யாருன்னு நினைக்கிறீங்க? உங்க நாகஜோதி. அவள் இடுப்பில் யாரு? என் பிள்ளை! குருவி படம் போட்ட குட்டி பாட்டிலோட!

ஸ்டாஃப் ரூமில் எங்களுக்குன்னு நல்ல தண்ணி கேன் இருக்கு. டீச்சர்ஸ் குடிக்கிற தண்ணி. பிள்ளைங்களுக்கு பைப்படி. யார் போட்ட விதியோ, நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். உங்க பொண்ணு செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். உள்ளே வந்தாள். கேனைத் திறந்து ஒரு பாட்டில், ஒரே ஒரு பாட்டில், பிடிச்சாள். பிடிச்சுத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவ்வளவு பேரும் கை தட்டினாங்க. என் பிள்ளையும்.

அவங்க அந்தக் காலத்தில் உப்பை எடுக்கப் போனாங்க. இதுங்க உப்பு இல்லாத தண்ணியை எடுக்க வந்ததுங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்க.

எங்க கான்வெண்ட்டில் பன்னிரண்டு வருஷம் படிச்சேன், ஸ்டாஃப் ரூம் வாசல்படியைக் காலால் தொட்டது கிடையாது. ஹெச்.எம். இன்பவல்லி டீச்சர் வந்து நின்னாங்க. என்னைத்தான் பார்த்தாங்க. "அனிட்டா டீச்சர், உங்க பாடம் பிள்ளைங்களுக்கு நல்லாப் பதிஞ்சிருக்கு" அப்படின்னாங்க. எல்லா டீச்சரும் தலையைக் குனிஞ்சு சிரிச்சாங்க. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்தது.

என்ன காரணம்னு கேட்டதுக்கு, அமுதான்னு ஒருத்தி பைப்புத் தண்ணி குடிச்சு வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தாளாம். அந்தப் பொண்ணு ஒல்லிக்குச்சி, உடம்பில் ரத்தமே கிடையாது, விழாமல் என்ன செய்யும்? அதுக்கும் தண்ணிக்கும் என்ன?

நான் சும்மா இருக்கலை. கேனைத் தூக்கி ஹெச்.எம். ரூமில் வெச்சுப் பூட்டச் சொன்னேன். உங்க பொண்ணைக் கொடிமரத்தடியில் நிற்க வெச்சேன். வெயில்தான், அதுக்கு நான் என்ன செய்ய, வெயில் காலத்தில் வெயில்தான் அடிக்கும். அப்புறம் கிளாசுக்குப் போய் உத்தரவாகவே சொன்னேன்: இனிமேல் இவாவை யாரும் தூக்கக் கூடாது, பேசக் கூடாது. யாராவது என் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கொடுத்ததாகக் காதில் விழுந்தால் டி.சி.தான்.

பெத்தவள் சொல்லக் கூடாதா? என் பிள்ளையை முன்னால் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போறாள், நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

மறுநாள் கிளாசுக்குப் போறேன். எழுந்து நின்னாங்க. உட்காருன்னேன், உட்கார்ந்தாங்க. வேதாரண்யம் எந்த வருஷம்னு கேட்டேன். ஒருத்தியும் வாயைத் திறக்கலை. தெரியாமல் இல்லை, அந்த முகங்களைப் பார்த்தால் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே சொல்லலை. நோட்ஸ் சொன்னேன். பேனாவை எடுத்து டெஸ்க் மேலே படுக்க வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டாங்க. அதுவும் எப்படி? ஒரு சிரிப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. ஜெபமாலை மணி உரசுற மாதிரி ஃபேன் சத்தம் மட்டும். இத்தனை வருஷமா பத்தாம் பி இப்படி அமைதியா இருந்ததாக யாராவது சொல்லட்டும். வேணும்னே இருந்தாங்க!

அப்புறம் ஒவ்வொருத்தியா எழுந்து வந்தாங்க. நல்லாப் படிக்கிறவங்களுக்கு நான் நோட்டில் தங்கக் கலர் ஸ்டார் ஒட்டுவேன், எங்க சிஸ்டர் ஒட்டின மாதிரியே. அதை நகத்தால் பிச்சு எடுத்து என் டேபிளில் ஒட்டிட்டுப் போனாங்க. ஒருத்தி ஒட்டினாள், அடுத்தவள் ஒட்டினாள். டேபிள் முழுக்க மினுமினுங்குது. பட்டங்களையும் பதவிகளையும் துறத்தல். ஒத்துழையாமை இயக்கம், முதல் பாயிண்ட். நான் நடத்தின பாடம்! பரீட்சையில் ரெண்டு பாயிண்ட் எழுதிட்டுப் பேனாவை மூடுறவங்க, என்கிட்டே வரும்போது அஞ்சு பாயிண்டையும் வரிசை மாறாமல் செய்து காட்டுறாங்க. இந்தப் புத்தியைப் படிப்பில் காட்டினால் என்ன?

கடைசியா யாரு வந்தாங்கன்னு கேட்கலையே நீங்க. என் பிள்ளை. நர்சரி டீச்சர் அவள் நெற்றியில் ஒட்டி விட்ட ஸ்டாரைப் பிச்சுக்கிட்டு வந்தாள். டேபிள் எட்டலை. எக்கி நின்னு, நாக்கை வெளியே நீட்டிக்கிட்டு, ஒட்டிட்டுப் போனாள். நான் பெத்த பிள்ளை.

அன்னையிலேருந்து என்கூடப் பேசலை. சாப்பிடவும் இல்லை. ஜாம் பிரட் அப்படியே திரும்பி வருது, நூடுல்ஸ் அப்படியே திரும்பி வருது. ராத்திரி பாலை மட்டும் குடிக்கிறாள். டாக்டர்கிட்டே கூட்டிப் போனேன். "பல்லா?" அப்படின்னார். நாலு வயசில் என்ன பல்? சிரப் எழுதினார். கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுப்படுது. எனக்குத் தூக்கமே கிடையாது. மஸ்கட்டுக்குச் சொன்னால் அவர் பயந்துடுவார். யார்கிட்டே சொல்ல?

அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது. அதோ, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்குதே, அந்தப் பாதாம் மரத்தில்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்றேன். தணிஞ்ச கிளையில் ஒரு பொட்டலம் தொங்குது. நியூஸ் பேப்பரில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி. பேப்பருக்கு மேலே மஞ்சள் ஊறித் தெரியுது. மஞ்சள்! இவா பார்த்ததும் குதிச்சாள். அத்தனை நாள் பேசாதவள், "அக்கா வெச்சது" அப்படின்னாள். உங்க பொண்ணைத்தான் அவள் அக்கான்னு கூப்பிடுவாள். பார்த்தீங்களா, பச்சைப் பிள்ளை வாயாலேயே வந்துடுச்சு, யார் வெச்சதுன்னு. பிள்ளையை வாரித் தூக்கிக்கிட்டு உள்ளே ஓடினேன்.

எதிர்வீட்டு சண்முகவடிவு அக்காவைக் கூப்பிட்டேன். அவங்கதான் கம்பை எடுத்துட்டு வந்து தட்டி விட்டாங்க. கீழே விழுந்து பிரிஞ்சது. கிட்டே போகலை, தள்ளி நின்னே பார்த்தோம். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மஞ்சள் போட்ட அரிசி. காஞ்ச மிளகாய். ஒரு மீன் தலை. சண்முகவடிவு அக்கா நெஞ்சில் கையை வெச்சுக்கிட்டாங்க. "அனிட்டா, இது சாதாரணம் இல்லை, இது செய்வினைதான். பிள்ளை சாப்பிடாததுக்கு இதான் காரணம்" அப்படின்னாங்க.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் கான்வெண்ட்டில் படிச்சவள். ஆனாலும் வேளாங்கண்ணி எண்ணெயை எடுத்து நிலைக்கதவு நாலு மூலையிலும் தடவினேன். கம்பாலேயே அதைத் தள்ளிச் சாக்கடை ஓரத்தில் போட்டோம். ஒரு நாய் வந்து தின்னுட்டுப் போச்சு. நாய்க்கு ஒண்ணும் ஆகலை, அது வேற விஷயம்.

மறுபடியும் வந்தது. மறுபடியும் தட்டி விட்டோம். அன்னைக்கு இவா ரோட்டில் புரண்டு அழுதாள். பொட்டலத்தைப் பார்த்துப் பிள்ளை அழுகுதுன்னா அதுக்குள்ளே ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? மூணாவது தடவை வந்ததும் நான் பொறுக்கலை, நேராகக் கரஸ்பாண்டென்ட்டிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தண்ணி விஷயத்திலேயே உங்க பொண்ணு மேலே காட்டம். வீட்டிலேயே இருக்கட்டும்னு அனுப்பிட்டார். "எழுத்தில் கொடுங்க டீச்சர், மீதியை நான் பார்த்துக்கிறேன்" அப்படின்னார்.

அவ்வளவுதான். கேட்டுட்டீங்க இல்லையா? இதில் என் தப்பு எங்கே இருக்கு, சொல்லுங்க. ஒரு இடம் காட்டுங்க. காட்ட முடியாது. உங்களுக்கும் பிள்ளை இருக்கு, எனக்கும் பிள்ளை இருக்கு. உங்க பிள்ளை வெயிலில் ஒரு மத்தியானம் நின்னாள். என் பிள்ளை எலும்பாகிப் போனாள்.

கிளம்புங்க. என்ன பார்க்கிறீங்க? கையில் என்ன அது, அந்த மஞ்சப்பையில்? காட்ட வேண்டாம்! உள்ளேயிருந்து எடுக்காதீங்க. எதுவாக இருந்தாலும் இந்த வீட்டு வாசலில் வேண்டாம். உங்க கையால் ஒரு துரும்பு என் பிள்ளைக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க.

ஆங், அப்படிப் போங்க.

எங்கே போறீங்க? கேட்டு அந்தப் பக்கம். மரத்துக்கிட்டே என்ன? ஏம்மா, அந்தக் கிளையைத் தொடாதீங்க. நான் இங்கே மனுஷியா நிற்கிறேன், என் கண் முன்னாலேயே கட்டுறீங்களா? என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு! அக்கா! சண்முகவடிவு அக்கா! ஓடி வாங்க!

இவா! நீ எப்படி வெளியே வந்தே? உள்ளே பொம்மை வெச்சு விளையாடிக்கிட்டுத்தானே இருந்தே? பின்கதவு! ஐயோ, துணி எடுக்கப் போனவள் பின்கதவைச் சாத்தாமல் வந்துட்டேனா? இவா, தொடாதே! அம்மா சொல்றேன், தொடாதே! பிடிங்கம்மா அவளை, நின்னு பார்க்கிறீங்களே, பிடிங்க!

சாவி. இது பீரோ சாவி. இது இல்லை. எது... இவா, பிரிக்காதே. நூலைப் பல்லால் கடிக்கிறாளே, எத்தனையோ தடவை பழகின மாதிரி. துப்பு! துப்புடி, என் ராசாத்தி இல்லே, துப்பு...

திறந்துடுச்சு. தள்ளுங்க, வழி விடுங்க. வாயைக் காட்டு. ஆ காட்டு.

என்னது இது?

எலுமிச்சம்பழச் சோறா? எலுமிச்சம்பழச் சோறும் கருவாடுமா?

அன்னைக்கு வந்ததும்? மூணு தடவையும் இதுதானா? ஸ்கூலில் உங்க பொண்ணு ஊட்டினதும் இதுதானா? அப்போ அந்த மஞ்சள்... அந்த மிளகாய், தாளிச்ச மிளகாயா? அதான் அந்த நாய் தினம் வந்து வாசலில் உட்கார்ந்துக்கிட்டு என் முகத்தையே பார்க்குதா?

இவா, மெதுவா. யாரும் பிடுங்க மாட்டாங்க. மெதுவாச் சாப்பிடு. ஒண்ணும் இல்லை, சண்முகவடிவு அக்கா, கம்பு வேண்டாம், நீங்க வீட்டுக்குப் போங்க.

எதுக்கும்மா இப்படி மரத்தில் கட்டணும்? நேராக வந்து கொடுக்க வேண்டியதுதானே? என்ன? சத்தமாச் சொல்லுங்க. இவ்வளவு நேரம் நான் பேசினேன், இப்போ நீங்க பேசுங்க. நாகஜோதி என்ன சொன்னாள்? "பிள்ளைக்குச் சோறு குடுக்கக் கூடாதுன்னு டீச்சரு உத்தரவு போட்ருக்காக. மீறுனா தண்டனை. அப்படி உத்தரவு போட்டா மரத்துலதாம்மா கட்டணும், டீச்சரேதான் சொல்லிக் குடுத்தாக" அப்படின்னு சொன்னாளா? அவள் வீட்டில் அடைஞ்சு கிடக்கவும் இன்னைக்கு நீங்க கட்ட வந்தீங்களா?

அப்போ நான் யாரு அதில்?

சொல்லுங்கம்மா. அந்தக் கதையில் நான் யாரு? கலெக்டரா? நானா? அந்த வெள்ளைக்காரனா? சிரிக்காதீங்க. சிரிக்கலையா, சரி. நான் அசோகர் வேஷம் கட்டினவள்மா. அந்த யாத்திரையில் வரிசைக்கு முன்னால் நடந்தது நான். பாட்டுச் சொல்லிக் கொடுத்தது நான். எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டு நான் போய்க் கலெக்டரா நிற்கிறேனா? நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

இவா, அந்தத் தலைப் பக்கத்தைக் கடிக்காதே, முள் இருக்கும். எனக்குக் கருவாட்டில் முள் பார்த்து எடுக்கத் தெரியாது. நீங்க எடுத்துக் கொடுங்க. மண்ணில் உட்கார வேண்டாம், கொசு வேற கடிக்குது. படியேறி உள்ளே வந்து உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. இவாவையும் தூக்கிக்குங்க, அவள் என்கிட்டே வர மாட்டேங்கிறாள்.

இங்கே பாருங்க, ஒண்ணு சொல்லிடுறேன். நான் மனசு இளகிட்டேன்னு நீங்க நினைச்சுக்க வேண்டாம். ஸ்டாஃப் ரூமுக்குள்ளே வந்தது தப்புதான். என் டேபிளில் ஒட்டின ஸ்டாரை நகம் உடைய உடைய நான்தான் சுரண்டினேன், அது இன்னும் மறக்கலை. ஆனால் நாளைக்கு நான் என்னன்னு எழுதிக் கொடுக்கிறது? மாணவி நாகஜோதி மரத்தில் சோறு கட்டினாள்னா? கரஸ்பாண்டென்ட் அவளைக் கூப்பிட்டு, இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்பார். அவள் பொய் சொல்ல மாட்டாள், அது ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கு. அனிட்டா டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தாங்கம்பாள். என் வேலை போயிடும். அதனால் எழுதப் போறதில்லை. அதனால் மட்டும்தான். புரியுதா? செய்வினைன்னு நினைச்சது தப்பாப் போச்சு, சாப்பாட்டுப் பொட்டலம்தான்னு போய்ச் சொல்லிடுறேன். கத்துவார். கத்தட்டும்.

அது காரம், இவா. விக்குது பாருங்க. தலையைத் தட்டுங்க, தண்ணி கொண்டு வர்றேன். இந்தாங்க. இந்தச் சொம்பு அவளுக்கு, இது உங்களுக்கு. குடிங்க. கேன் தண்ணிதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? குடிங்கன்னேன்.

அவளை நாளைக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க. டெஸ்ட் இருக்கு. வேதாரண்யம்தான், அஞ்சு மார்க். ரெண்டு பாயிண்டோட பேனாவை மூடினால் கொடிமரத்தடியில்தான் நிற்பாள், சொல்லிட்டேன். அந்தச் சோறு கட்டினவங்களைப் பத்தியும் எழுதலாமான்னு அன்னைக்குக் கேட்டாள் இல்லையா? எழுதச் சொல்லுங்க. புக்கில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, திருத்துறது நான்தானே.